நோன்புப் பொதியில் மீன் கிடையாது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அந்த மனிதர் சாகவில்லை. யாரும் பயந்துகொண்டு வாசிக்க வேண்டாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஊருக்குப் போனார். இப்போதும் குழித்துறைப் பக்கம் தன் வீட்டில்தான் இருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி எனக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினாள். இருந்தும் ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நோன்பு நாட்கள், நாங்கள் லெந்து என்று சொல்லும் நாட்கள், நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்வதில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் எடுத்துக் கழுவுகிறேன். "ஒனக்கு என்னட்டி ஆச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டால் அவர்மேல் எரிந்து விழுகிறேன். பாவம் மனிதர், அவர் என்ன செய்வார்.

எங்கள் சபை திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு தமிழ்ச் சபை. பாதிப் பேர் கன்னியாகுமரி ஜில்லாவிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டினவர்கள். நாங்களும் அப்படித்தான், பேரூர்க்கடையில் இருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் ஜெபத்தைத் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார்கள். மெடிக்கல் காலேஜ் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குச் சனிக்கிழமைதோறும் பொதிச்சோறு கொண்டுபோவது பெண்கள் சங்கத்தின் ஊழியம். இந்த ஊரில் பொதிச்சோறு கொடுக்காத கூட்டமே கிடையாது. கட்சிக்காரர்கள் கொடுக்கிறார்கள், கோயில்காரர்கள் கொடுக்கிறார்கள், பள்ளிவாசல்காரர்கள் கொடுக்கிறார்கள். நாங்களும் கொடுத்தோம். வாட்டின வாழையிலையில் சோறு, தோரன் என்கிற தேங்காய்ப் பொரியல், சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையல், ஊறுகாய், மேலே ஒரு ஆம்லெட்டோ மீன் துண்டோ. மடித்துப் பத்திரிகைத் தாளில் சுற்றினால் பொதி. வீட்டுக்குப் பத்து.

என் பொதி தனி. இலையை இரண்டு பக்கமும் தணலில் காட்டி, நடு நரம்பைச் சீவி, நூல் இல்லாமலே மடிப்பேன். அவிழ்த்தால் ஒரு சொட்டுக் குழம்பு தாளில் இறங்கியிருக்காது. மற்றவர்களுடைய பொதியைப் பார்த்தால் எனக்குக் கை நமநமவென்று வரும், பிரித்து மறுபடி கட்டத் தோன்றும். இதில் எனக்குப் பெருமை உண்டு. பெருமை என்று இப்போதுதான் சொல்கிறேன். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எல்லாம் தேவ மகிமைக்கு என்று சொல்லியிருப்பேன்.

அந்த வருடம் லெந்து தொடங்குவதற்கு முன் சங்கக் கூட்டம் நடந்தது. எங்களில் பெரும்பாலானோர் அந்த நாற்பது நாளும் மீன், முட்டை, இறைச்சி எதையும் தொடுவதில்லை. பொதியில் என்ன செய்வது என்று பேச்சு வந்தது. சங்கத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, நிதானமான பெண்மணி. "ஆஸ்பத்திரில கிடக்கியவங்களுக்கு நோன்பு இல்லையே. பொதி எப்பவும்போல இருக்கட்டும்" என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். நான் எழுந்து நின்றேன்.

"நாப்பது நாளும் நாம எதைத் திங்கிறோமோ அதைத்தான் குடுக்கணும். நாம மீனை ஒதுக்கிட்டு, நம்ம அடுப்பிலயே மீனை வேகவச்சா அது என்ன நோன்பு? மணம் மூக்கில ஏறினாலே பாதி போச்சு" என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. "நாப்பது நாள் மரக்கறி தின்னா யாரும் செத்துப் போயிர மாட்டாங்க" என்று முடித்தேன். கை தட்டாத குறைதான். லெந்துப் பொதியில் மீனும் முட்டையும் கிடையாது என்று குறிப்பேட்டில் தீர்மானமே எழுதிவிட்டார்கள். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது என்றைக்கு முடிந்திருக்கிறது?

லெந்து தொடங்கி இரண்டாம் சனிக்கிழமை அந்தத் தம்பதியைப் பார்த்தேன். முதல் மாடி வார்டில் கடைசிக் கட்டில். அவர் கொத்தனார், நாற்பத்தைந்து வயது இருக்கும், கையில் சாமிக் கயிறு கட்டியிருந்தார். நாக்கில் புற்று. வெறும் வாய்ப்புண் என்று நினைத்து ஆறு மாதம் தேன் தடவிக்கொண்டிருந்தார்களாம். மனைவி அவரைவிடப் பத்து வயது இளையவள். வார்டு முழுக்க மலையாளம் கேட்டுக் கேட்டு அலுத்தவள், என் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஊருக்காரியளா அக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொதியை அவிழ்த்து, சோற்றை மோர் விட்டுக் கூழாகப் பிசைந்து, புண் இல்லாத பக்கமாக அவருக்குக் கொடுப்பாள். அவர் மெதுவாக விழுங்குவார். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அதற்காகவே அவர் கட்டிலை நான் கடைசியாக வைத்துக்கொள்வேன்.

நாலாவது சனிக்கிழமை, நான் படி இறங்கும்போது அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமை ஆபரேஷன் என்றாள்.

"நாக்கில முக்காலும் எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பெறவு பேச்சு தெளியாதாம். ருசியும் ஒண்ணும் தெரியாதாம்." கைப்பிடிச் சுவரைத் தடவினாள். "அவியளுக்கு ஒரு ஆசைக்கா. சாளைக் கொளம்பு. ஓட்டல்ல வாங்கிக் குடுத்தேன், அந்த எரிவு புண்ணில பட்டு துடிச்சுப் போயிட்டாவ. வீட்டில வச்சா மொளகு கொறச்சு, தேங்காப்பால் விட்டு வைக்கலாம்லா. எனக்கு இங்க அடுப்பு எங்க இருக்கு? அடுத்த சனியாச்ச நீங்க வரும்போ கொஞ்சம் கொண்டாந்து தருவியளா?"

சாளை என்றால் மத்தி. அதைவிட மலிவான மீன் இந்தக் கடற்கரையில் கிடையாது. அவள் கேட்டது அவ்வளவுதான். 

"லெந்து நடக்குல்லா" என்றேன் நான்.

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். நாற்பது நாள், நோன்பு, மீன் கிடையாது என்று சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அது யாருக்குக்கா?" என்றாள்.

"எங்களுக்கு."

"ஓ" என்றாள்.

"பாக்கேன்" என்றேன். கேட்டு நிற்கிறவர்களிடம் இந்த வார்த்தையைச் சொல்வது எவ்வளவு சுலபம்! தருகிறேன் என்றும் இல்லை, தரமாட்டேன் என்றும் இல்லை. நான் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். அவள் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு மேலே போய் அவரிடம் சொல்லியிருப்பாள்.

அந்த வாரம் எனக்கு எதுவுமே ஓடவில்லை. செக்ரட்டேரியட் பக்கத்து அலுவலகத்தில் ஒரே கடிதத்தை மூன்று தடவை தப்பாக அடித்தேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் வெயிலில் திரும்பி நடந்தேன். முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை, சாளைதான் வந்தது. ஒரு நிமிடம் நினைப்பேன், என்ன பெரிய காரியம், நாலு மீனை வாங்கி வைத்துக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று. அடுத்த நிமிடம் அந்தக் குறிப்பேடு கண்முன் வந்து நிற்கும். தீர்மானம் கொண்டுவந்தவளே மீனைக் கொண்டுபோனாள் என்று தெரிந்தால்? தலைவி சிரிக்க மாட்டார். "அதைத்தானே அன்னைக்கே சொன்னேன்" என்று சாந்தமாகச் சொல்வார். அந்தச் சாந்தத்தை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் வைத்துத் தரச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். ஏன் உங்கள் வீட்டில் வைக்கவில்லை என்று கேட்பாள். அதற்கும் மறுபடி லெந்தைத்தானே சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "நாலு சாளைக்கா இந்தப் பாடு? வாங்கிக் குடு, நான் வைக்கேன்" என்றார்.

"நீங்க வைப்பிய. வச்சிட்டு பாதியத் தின்னு நோன்பையும் முடிச்சிருவிய" என்றேன். அவர் செய்தித்தாளை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மீன் என்றால் உயிரை விடுகிற மனிதர், எனக்காகத்தான் அவரும் நாற்பது நாள் இருந்தார். அதைக்கூட அன்று நான் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. லெந்து இருந்து பழகின வீடுகளில் நாக்கை ஏமாற்ற ஒரு வித்தை உண்டு. வாழைக்காயைச் சாய்வாக மீன் துண்டு போலவே சீவி, மஞ்சளும் மிளகும் புளியும் புரட்டி ஊறவைத்து, தேங்காயெண்ணெயில் லேசாகப் பொரித்து எடுப்பது. அதைக் குடம்புளியும் கறிவேப்பிலையும் தேங்காய்ப்பாலும் விட்டு மீன் குழம்பு மாதிரியே கூட்டி வைத்தேன். மணம் வந்தது பாருங்கள், வீட்டுக்காரர் ஹாலிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "முடிவில மீனே வாங்கிட்டியாட்டி?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நோன்பும் தப்பியது, தீர்மானமும் தப்பியது, அந்த மனிதருடைய ஆசையும் நடந்தது என்று துள்ளினேன். ஆண்டவரே வழி காட்டினார் என்று ஸ்தோத்திரம்கூடச் செய்தேன்.

சனிக்கிழமை அந்தப் பொதியைத் தனியாக மேலே வைத்துக் கொண்டுபோனேன். அவர் முன்னால் நானே அவிழ்த்தேன். மணம் எழுந்ததும் அவர் கண் விரிந்தது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார், மனைவியைப் பார்த்தார், அவளும் சிரித்தாள். பிசைந்து முதல் வாயைக் கொடுத்தாள்.

அவர் வாய் நின்றது. ஒரு கணம்தான். பிறகு மெல்லத் தொடங்கினார். விழுங்கினார். "நல்லா இருக்குக்கா" என்றார். அடுத்த வாய்க்குத் திறந்தார். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே ஊட்டினாள்.

படிக்கட்டில் அவள் கேட்டாள், "மீனு கிடைக்கலியாக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சந்தையில் மீன் வரவில்லையோ என்று நிஜமாகவே கேட்டாள். "நோன்புல்லா" என்றேன். "சாரமில்லக்கா" என்றாள். பரவாயில்லை என்பதை அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்து மலையாளத்தில் சொல்லப் பழகியிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று பெயர்தான், பெஞ்சில் முள் கிடந்ததுபோல நெளிந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் நின்றுபோன அந்த வாய் கண்ணை விட்டுப் போகவில்லை. காணிக்கைப் பை வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. பிள்ளை மீன் கேட்டால் எந்தத் தகப்பனாவது வேறொன்றைக் கையில் கொடுப்பானா என்று ஆண்டவர் கேட்ட கேள்வியை நான் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! படம் வரைந்து, வண்ணம் தீட்டச் சொல்லி! அட கர்த்தாவே, நான் கொடுத்தது வாழைக்காய். பை என்னிடம் வந்தது. பக்கத்திலிருந்தவள் மடியில் அதை வைத்துவிட்டு எழுந்தேன். பாட்டு நடுவில் வெளியே நடந்தேன். வாசலில் தலைவி நின்றார். "சுகமில்லியா?" என்று கேட்டார். "மீன் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன். அவர் முகம் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை.

மணி பத்து. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜங்ஷனில் மீன்காரிகள் குறைவு. முதலில் கிடைத்தது ஐஸில் கிடந்து கண் வெளுத்த சாளை, வேண்டாம் என்றேன். ஆட்டோ பிடித்து அடுத்த ஜங்ஷன் போனேன், அங்கே நல்ல சாளை கிடைத்தது. வீட்டுக்கு வந்து, கழுவி, மிளகாய் தொட்டும் தொடாமலும் போட்டு, முதல் பால் இரண்டாம் பால் எடுத்துக் குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நல்ல வேளை. பிறகு முள் எடுக்க உட்கார்ந்தேன். சாளையில் ஊசி ஊசியாக எத்தனை முள்! புண் வாயில் ஒன்று குத்திவிடக் கூடாது. ஒவ்வொரு மீனாகப் பிளந்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் பார்த்து எடுத்தேன். எடுத்த பிறகு சதை உதிர்ந்து கிடந்தது பார்க்க அசிங்கமாகத் தெரிந்தது. அதை மறுபடி துண்டு துண்டாகச் சேர்த்து அடுக்கி, மேலே கொஞ்சம் எண்ணெயில் வாட்டின சின்ன உள்ளி போட்டேன். எவர்சில்வர் டப்பாவில் ஒரு கீறல் இருந்தது, வேறு டப்பா எடுத்து ஒரு பக்கம் சோறும் வைத்தேன். நன்றாகக் கொடுக்க வேண்டும் அல்லவா!

அவள் போன் நம்பர் என்னிடம் இருந்தது. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் திடீரென்று போய் நிற்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. 

வார்டுக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. அவருக்கு முகம் மழித்துவிட்டிருந்தார்கள், அதனால் இன்னும் சின்னவராகத் தெரிந்தார். கட்டில் கம்பியில் ஒரு அட்டை தொங்கியது. அவள் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், நர்ஸ் இருக்கும் பக்கம் திரும்பினாள்.

"சேச்சி, உச்சைக்கு சேஷம் ஒண்ணும் கொடுக்கான் பாடில்லா" என்று நர்ஸ் வந்து சொன்னாள். மத்தியானத்துக்குப் பிறகு வாயில் எதுவும் போகக் கூடாதாம், தண்ணீர் மட்டும்தானாம். மறுநாள் காலையில் முதல் ஆபரேஷன் அவருக்குத்தான். பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி கொடுத்து முடித்துவிட்டார்கள்.

"ஒரு வாய்தான், ஒரே ஒரு வாய்" என்றேன். கெஞ்சினேன். நர்ஸ் நல்ல பெண். என் தோளைத் தொட்டு, கொடுத்தால் ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டிவரும், அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, சேச்சிக்கு அது சம்மதமா என்று கேட்டாள். டப்பாவைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம். நான் முள் எடுத்த நேரம், டப்பா மாற்றின நேரம்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று அவரிடம் சொன்னேன். "நேத்தே கொண்டுவந்திருக்கணும். என் வீம்பு."

அவர் டப்பாவைப் பார்த்தார். மனைவியிடம், "தொற" என்றார். நாக்கு தடித்துப்போயிருந்ததால் அவர் பேச்சைக் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அவள் டப்பாவைத் திறந்தாள். அவர் குனிந்து மூச்சை இழுத்தார், நன்றாக, இரண்டு தடவை.

"நீ தின்னு" என்றார் அவளிடம்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மூடப் போனாள். அவர் மூடியைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு என்னால சொல்ல ஒக்காது. இப்பம் சொல்லுதேன். தின்னு."

அவள் தின்றாள். கண்ணீர் ஓட ஓடச் சோற்றில் பிசைந்து தின்றாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "புளி எப்படி?" என்றார். "பாகமா இருக்கு" என்றாள். "உப்பு?" அவள் யோசித்தாள். அந்த அழுகையிலும் யோசித்து, "ஒரு பொடி கூடுதல்" என்றாள். "கூடினாத்தான் சாளைக்கு நல்லது" என்றார். "பாலு திரியலியே?" "திரியல." "முள்ளு?" "ஒண்ணுகூட இல்ல." அவர் தலையை ஆட்டினார், நான் பொதி கொண்டுவரும்போது ஆட்டுகிற அதே மாதிரி.

பிறகு, "அக்காக்கும் குடு" என்றார்.

எனக்கு நோன்பு என்கிற வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது. அப்போதும் வந்தது, வெட்கங்கெட்ட வாய்! பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் டப்பா மூடியில் கொஞ்சம் சோறும் குழம்பும் இரண்டு துண்டும் வைத்து நீட்டினாள். வாங்கினேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துப் போட்டேன்.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார் அவர்.

ஒரு மாதமாக மீன் படாத நாக்கு. அவ்வளவு நன்றாக இருந்தது. தேங்காய்ப்பாலில் ஊறின சாளை வாயில் வைத்ததும் கரைந்தது. வாய் கூசாமல் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படி ஒரு மீன் குழம்பை நான் தின்றதில்லை. சுமார்தான், பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க" என்றார் அவர். அவள் என் மூடியில் இன்னொரு துண்டு வைத்தாள். நான் தின்றேன்.